வாத்சாயனர்

வாத்சாயனர் (மல்லநாக வாத்சாயனர்) என்பவர் காமசூத்திரம் என்னும் சமசுகிருத நூலை இயற்றிய பண்டைய இந்திய அறிஞர் ஆவார். இவர் கி.பி. 3 ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் எனப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். காமசூத்திரம் உடலுறவு நிலைகளைப் பற்றிய நூலாகவே பரவலாக அறியப்படுகிறது. ஆனால் அந்நிலைகள் நூலின் ஒரு சிறு பகுதி மட்டுமே. நகரத்து வாழ்க்கை, மணம், இல்லறம், பிறன்மனை விழைவு, பரத்தையர் தொழில் ஆகியனவும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. நூலின் இறுதிப் பகுதி பாலின்பக் கருவிகளை அவை செய்யப்படும் பொருள், வடிவம், பொருத்தம் ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்துகிறது. இப்பகுதி இவரைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவதால் இங்கு சற்று விரிவாகத் தரப்படுகிறது.

பெயர்

வாத்சாயனர் என்பது கோத்திரப் பெயர் ஆகும். மல்லநாகர் என்பதே இவரது இயற்பெயர். சுபந்து எழுதிய வாசவதத்தை என்னும் உரைநடைக் காவியம் காமசூத்திரத்தின் ஆசிரியரை மல்லநாகர் என்றே குறிப்பிடுகிறது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்சாயனர் (பட்சிலசுவாமி) வேறொருவர்.

12 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சமண அறிஞர் ஏமச்சந்திரர் தம் நிகண்டில் வாத்சாயனர், மல்லநாகர், கௌடில்யர், பட்சிலசுவாமி, விட்டுணுகுப்தர் முதலிய பெயர்கள் அனைத்தையும் ஒரே ஆளுக்கு உரியனவாகப் பட்டியலிடுகிறார். அப்பட்டியலில் திராமிளர் என்ற பெயரும் உள்ளது. இதனைக் கொண்டு வாத்சாயனரைத் தமிழராகக் காட்ட முடியாது. பல நூற்றாண்டுகள் இடைவெளி உள்ளவர்களை ஒருவராக்கும் பட்டியலை வாழ்க்கை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது பொருந்தாது.

காலமும் இடமும்

வாத்சாயனரின் பிறப்பு, பெற்றோர், குடும்பம் ஆகியவை பற்றி நேரடியான செய்தி எதுவும் இல்லை. அறியக்கூடியவை யாவும் நூலுக்குள்ளிருந்தே கிடைக்கின்றன. குந்தல நாட்டுச் சதகர்ணி என்னும் சாதவாகன மன்னனை இவர் பெயர் சுட்டிக் கூறுவதால் இவர் அம்மன்னனுக்குப் பிற்பட்டவர் ஆகிறார். ஆபீரர், ஆந்திரர் ஆகியோரின் அரண்மனை வழக்கங்களை எடுத்துரைக்கும் நூல் குப்தப் பேரரசைப் பற்றி எதுவும் கூறவில்லை. எனவே சாதவாகனர் வலு குன்றி, குப்தர் இன்னும் எழாத இடைக்காலமே இவருடைய காலம் என முடிவு செய்கின்றனர்.

இவர் பாடலிபுத்திரத்தில் வாழ்ந்தார் என்பது ஒரு கருத்து. மேற்கிந்திய வழக்கங்களை மிக நுணுக்கமாக அறிந்திருப்பதால் அப்பகுதியைச் சேர்ந்தவர் என்பது மற்றொரு கருத்து.

நூல் உருவான விதம்

வாத்சாயனர் தம்மைப் புதிய சாத்திரம் ஒன்றைத் தோற்றுவித்தவராகக் கூறிக்கொள்ளவில்லை. தொகுப்பாளராகவே அறிமுகம் செய்துகொள்கிறார். நந்தி கூறிய ஆயிரம் அத்தியாயங்களைச் சுவேதகேது ஐந்நூறாகவும், பாஞ்சால நாட்டுப் பாப்பிரவியர் நூற்றைம்பதாகவும் சுருக்கினர் என்பது அவர் தரும் மரபு வரலாறு. அதன் பின்னர் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி ஆசிரியர்கள் தனி நூலாக்கினர். பரத்தையர் பகுதியைப் பாடலிபுத்திரத்துக் கணிகையரின் வேண்டுகோளுக்கு இணங்கித் தத்தகர் எழுதினார். மருந்து, வசியம், கருவி ஆகியவை அடங்கிய இறுதிப் பகுதியைக் குசுமாரர் எழுதினார். துண்டு துண்டாகச் சிதறியதால் சாத்திரம் அழியும் நிலையை அடைந்தது எனவும், பாப்பிரவியரின் நூல் மிகப் பெரிதாக இருந்ததால் படிக்க இயலவில்லை எனவும் கூறி, 7 அதிகரணங்கள், 36 அத்தியாயங்கள், 64 பிரகரணங்கள் கொண்ட சுருக்கமான நூலாக வாத்சாயனர் இதனை அமைத்தார்.

முன்னோர் கருத்தை முதலில் கூறி, பின்னர் தம் பெயரைப் படர்க்கையில் சுட்டித் தம் முடிவைக் கூறுவது இவரது முறை. அவ்வாறு கூறும் இடங்களே இவருடைய ஆளுமையைக் காட்டுகின்றன. பெண்கள் சாத்திரம் கற்பது வீண் என்ற கருத்தை மறுத்து, காமசாத்திரத்தைப் பெண்களும் கற்க வேண்டும் என்கிறார். கூட்டத்தில் பெண் அடையும் இன்பம் எத்தகையது என்பது பற்றி முன்னோரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஆணும் பெண்ணும் அடையும் இன்பம் ஒரே தன்மையது என்பது வாத்சாயனரின் முடிவு. பெண்ணின் நிறைவை ஆண் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து பிறக்கும் கடமை. கருவிகளைப் பற்றிய பகுதியை இந்த முடிவோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பாலின்பக் கருவிகள்

காமசூத்திரத்தில் பாலின்பக் கருவிகள் அபத்திரவியங்கள் எனப்படுகின்றன. ஏழாம் அதிகரணத்தின் இரண்டாம் அத்தியாயம் இவற்றை விவரிக்கிறது. அந்த அத்தியாயம் கருவியில் தொடங்கவில்லை. துணைவியை நிறைவு செய்ய இயலாத ஆடவன் முதலில் கையால் அவளுக்கு இன்பமூட்ட வேண்டும் என்பதில் தொடங்குகிறது. முதுமை, உடற்பருமன், களைப்பு போன்ற காரணங்களால் ஏற்படும் தளர்ச்சிக்கு வேறு வழிகளும் கூறப்படுகின்றன. கருவி அவற்றுக்கு அடுத்த நிலையில் வருகிறது. எனினும் கருவியை நாடுவதை இழிவாகவோ, ஆண்மைக் குறைவாகவோ நூல் பேசவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, யானைத் தந்தம், எருமைக் கொம்பு ஆகியவற்றால் இக்கருவிகள் செய்யப்பட்டன. வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றால் செய்யப்பட்டவை மென்மையும் குளிர்ச்சியும் உடையன, பயன்பாட்டைத் தாங்கக்கூடியன என்பது பாப்பிரவியர் வழிவந்தோர் கருத்து. வாத்சாயனர் இவ்விடத்தில் குறுக்கிட்டு, மரத்தாலும் செய்யலாம், அவரவர்க்கு ஒத்துவருவதே அளவுகோல் என்கிறார். பாப்பிரவியர் வழியினர் பொருளின் குணத்தைக் கொண்டு ஒன்றைச் சிறந்ததாகக் காட்ட, வாத்சாயனர் பயன்படுத்துவோரை முன்னிறுத்துகிறார். விலையுயர்ந்த பொன்னையும் எளிதில் கிடைக்கும் மரத்தையும் இந்த அளவுகோல் ஒரே வரிசையில் வைத்துவிடுகிறது.

காரீயம் உடலுக்கு நஞ்சு என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட உண்மை ஆகும். ஆகவே அக்காலத்தவர் மென்மைக்காக விரும்பிய பொருளே இன்று முதலில் விலக்கப்பட வேண்டியதாக உள்ளது. மென்மையும் உறுதியும் ஒருங்கே கொண்ட பொருளுக்கான தேவையை இக்காலத்தில் சிலிக்கோன் நிறைவு செய்கிறது. நீரை உறிஞ்சும் நுண்துளைகள் அதில் இல்லாததால் அதனைத் தூய்மை செய்வதும் எளிது.

வடிவத்தைப் பொறுத்தவரை, ஆணுறுப்பின் மீது அணியப்படும் வகையே முதன்மையாகப் பேசப்படுகிறது. உறுப்பின் அளவுக்குப் பொருந்தும் உட்புறமும், சிறு புடைப்புகள் நிறைந்த வெளிப்புறமும் கொண்ட வளையம் அடிப்படை வடிவம். இத்தகைய இரண்டு சேர்ந்தது சங்காடி எனவும், மூன்றோ அதற்கு மேற்பட்டவையோ சேர்ந்தது சூடகம் எனவும், ஒரே கம்பியைச் சுற்றி அமைப்பது ஏகசூடகம் எனவும் பெயர் பெறும். இருபுறமும் திறந்த குழல் வடிவில் அமைந்து இடுப்பில் கட்டப்படுவது கஞ்சுகம் அல்லது சாலகம் ஆகும்.

இவை கிடைக்காதவர்களுக்கும் வாத்சாயனர் வழி கூறுகிறார். எண்ணெயிலும் கசாயத்திலும் நன்கு பதப்படுத்திய சுரைத்தண்டு அல்லது மூங்கிற்குழலை நூலால் இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். அல்லது வழவழப்பான மரமணிகளுடன் நெல்லிக்கொட்டைகளைக் கோத்த மாலையைப் பயன்படுத்தலாம். செல்வம் மிக்க நகரத்து இளைஞனுக்காக எழுதப்பட்டதாகக் கூறப்படும் நூலில் சுரைத்தண்டு இடம்பெறுவது சற்று வியப்பானது. பச்சை மூங்கிலின் நார் உடலைக் கிழிக்கக்கூடும் என்பதை அறிந்தே பதப்படுத்தல் வலியுறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

தென்னாட்டார் உறுப்பில் துளையிட்டுக் கருவியைப் பொருத்தும் வழக்கமும் கூறப்படுகிறது. இதற்கென உருண்டை, ஒருபுறம் உருண்டை, உரல், மலர், முள், நாற்சந்தி முதலிய வடிவங்களைக் கொண்ட பல கருவிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பட்டியலின் முடிவில், மென்மையானதா கடினமானதா என்பது அவரவர் சாத்மியத்துக்கு ஏற்பவே அமைய வேண்டும் என்கிறார். சாத்மியம் என்பது ஆயுர்வேதத்தில் ஓர் உணவு ஒருவருடைய உடலுக்குப் பழகி ஒத்துப்போவதைக் குறிக்கும் சொல் ஆகும். ஒருவருக்கு ஒத்த உணவு இன்னொருவருக்கு ஒவ்வாது போவது போலவே கருவியும் என்பது இதன் பொருள்.

பெண்கள் தாமே கருவிகளைப் பயன்படுத்துவதும் நூலில் உண்டு. ஒரே கணவனுக்குப் பல மனைவியர் இருந்த அந்தப்புரங்களில் பெண்கள் தோழியருடன் சேர்ந்து செயற்கைக் கருவிகளையும், கிழங்கு, வேர், கனி ஆகியவற்றையும் பயன்படுத்தியதை ஐந்தாம் அதிகரணம் கூறுகிறது. பெண்ணரசு நாட்டிலும் கோசலத்திலும் இக்கருவிகளின் பயன்பாடு மிகுதி என இரண்டாம் அதிகரணம் தெரிவிக்கிறது.

அதே ஏழாம் அதிகரணத்தில் உறுப்பைப் பெரிதாக்கப் பூச்சிகளின் மயிரைத் தேய்த்து வீக்கம் உண்டாக்கும் முறையும் உள்ளது. இது கடும் அழற்சியையும் புண்ணையும் உண்டாக்கக்கூடியது. எவ்வகையிலும் பின்பற்றத்தக்கதன்று.

சோழனும் பாண்டியன் படைத்தலைவனும்

தமிழக வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இரண்டாம் அதிகரணத்தில் உள்ளது. கூடலின்போது அடிக்கும் வழக்கத்தைப் பற்றிக் கூறுகையில், ஆப்பு, கத்தரி, துளைப்பான், குறடு எனப் பொருள்படும் நான்கு வகைகளைத் தென்னாட்டாருக்கு உரியனவாக வாத்சாயனர் குறிப்பிடுகிறார். உரைகாரர் யசோதரர் இவற்றைக் கைவடிவங்களாகக் கொள்கிறார். 1883 ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு கருவிகளாகக் கொள்கிறது. எவ்வாறாயினும் இவற்றை வாத்சாயனர் ஏற்கவில்லை. துன்பம் தருவன, பண்பற்றவை என விலக்குகிறார்.

அதற்கு அவர் மூன்று நிகழ்வுகளைச் சான்றாகத் தருகிறார். சோழ மன்னன் ஒருவன் சித்திரசேனை என்னும் கணிகையை ஆப்பினால் கொன்றான். குந்தலச் சதகர்ணி தன் பட்டத்தரசி மலயவதியைக் கத்தரியால் கொன்றான். கை ஊனமுற்ற நரதேவன் துளைப்பானைத் தவறாகச் செலுத்தி ஆடல் மகள் ஒருத்தியின் ஒரு கண்ணைக் குருடாக்கினான். நரதேவன் பாண்டிய மன்னனின் படைத்தலைவன் என்கிறார் யசோதரர். இந்நிகழ்வுகளைப் பிற சான்றுகளால் உறுதி செய்ய இயலவில்லை. சோழன் யார் என்பதும் கூறப்படவில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்களுள் இருவரின் பெயரும் பதிவாகியுள்ளது. மூவரும் வேட்கை மிகுந்த ஆடவர் கையில் பாதிக்கப்பட்டவர்கள். வேகமெடுத்து ஓடும் குதிரை வழியிலுள்ள பள்ளத்தைக் காணாதது போல வேட்கை கொண்டோர் ஆபத்தை உணர்வதில்லை என இவ்விடத்தில் விளக்குகிறார். துணைவியின் மென்மையையும், தன் வலிமையையும், அவளுடைய தாங்கும் திறனையும் அறிந்தே எதையும் செய்ய வேண்டும் என்பது அவர் விதிக்கும் கட்டுப்பாடு.

துறவும் நூலும்

பிரமசரியத்தையும் மன ஒருமையையும் கடைப்பிடித்து, உலகியல் வாழ்வு செம்மையாக நடைபெறுவதற்காகவே இந்நூலை எழுதியதாகவும், வேட்கையைத் தூண்டுவது நோக்கம் அன்று எனவும் வாத்சாயனர் இறுதியில் கூறுகிறார். தாம் அறியாத ஒன்றை எழுதினார் என இதனைக் கொண்டு சிலர் கேலி செய்வதுண்டு. முன்னோர் நூல்களைத் தொகுப்பவருக்கு இது பெரிய தடை அன்று. வேட்கையை வளர்க்கும் விசித்திர முறைகளை நூலின் பொருள் கருதியே கூறியதாகவும், கூறிய இடத்திலேயே அவற்றைத் தடுத்திருப்பதாகவும் அவர் குறிப்பிடுவது கருவிப் பகுதிக்கும் பொருந்தும். சாத்திரத்தில் இருப்பதனால் மட்டும் ஒன்று செய்யத்தக்கது ஆகிவிடாது என்பதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு மருத்துவ நூல்களில் வருவது. நாய் இறைச்சியின் சுவையும் குணமும் அவற்றில் கூறப்பட்டிருப்பதால் அறிவுடையோர் அதனை உண்பதில்லை.

பிற்காலம்

13 ஆம் நூற்றாண்டில் யசோதரர் எழுதிய செயமங்களை என்னும் உரை காமசூத்திரத்துக்குக் கிடைக்கும் உரைகளுள் புகழ்பெற்றது. கொக்கோகர் இயற்றிய ரதிரகசியம் போன்ற பிற்கால நூல்களே நடைமுறையில் பெரிதும் பரவின. தமிழில் அதிவீரராம பாண்டியர் பெயரில் வழங்கும் கொக்கோகம் இவ்வழியில் வந்ததே. இதனால் தமிழ் நாட்டில் வாத்சாயனரை விடக் கொக்கோகரே நீண்ட காலம் அறியப்பட்டவராக இருந்தார்.

1883 ஆம் ஆண்டு ரிச்சர்ட் பர்ட்டன், ஆர்பத்நாட் ஆகியோர் முயற்சியால் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பெரும் பணியைச் செய்தவர்கள் பகவன்லால் இந்திராசி, சிவராம் பரசுராம் பிடே ஆகிய இந்திய அறிஞர்கள் ஆவர். ஆபாசச் சட்டத்துக்கு அஞ்சி அது தனிப்பட்ட சுற்றுக்கு மட்டும் எனக் குறிக்கப்பட்டது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அம்மொழிபெயர்ப்பு வெளிப்படையாக விற்பனைக்கு வந்தது 1960களில்தான். 2002 ஆம் ஆண்டு வெண்டி டோனிகர், சுதிர் கக்கர் ஆகியோரின் புதிய மொழிபெயர்ப்பு வெளியானது.

இந்தியாவில் நூலுக்கு உள்ள தாராளம் அது விவரிக்கும் பொருள்களுக்கு இல்லை. 1964 ஆம் ஆண்டுச் சுங்க அறிவிக்கை ஆபாசமான பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்கிறது. உடலைப் பிடித்துவிடும் கருவிகளைப் பாலின்பத்துக்கும் பயன்படுத்தக்கூடும் எனக் கூறி அதன் கீழ்ச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். அது செல்லாது எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.