சிகிச்சை முடிந்த பின்...
(டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்க்கை)

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்

மருத்துவமனை வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் நோயாளியின் கதை முடிந்தது என்றே நாம் எண்ணுகிறோம். தையல் பிரித்தாயிற்று, புண் ஆறியாயிற்று, இனி என்ன குறை என்று கேட்கிறோம். ஆனால் கதை பல நேரங்களில் அங்கேதான் தொடங்குகிறது! அதனைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்.

1925-ஆம் ஆண்டு கொச்சியில் பிறந்த மேரி, மருத்துவம் பயில வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் தமிழகப் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பணி, ஆல்போல் தழைத்து நின்ற இடம் அது. பட்டம் பெற்றார். மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றுத் தாய்மார்க்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அவர் கனவு.

1954-ஆம் ஆண்டு அந்தக் கனவு சாலையோரத்தில் சிதறியது. சக மருத்துவர்களோடு அவர் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகம் சிதைந்தது, தண்டுவடம் நைந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. நேற்றுவரை நோயாளிகளின் கட்டிலருகே நின்றவர், இன்று தாமே கட்டிலில் கிடந்தார். மாதங்கள் வேதனையில் கழிந்தன. நிமிர்ந்து உட்காரவேனும் முடிய வேண்டும் என்பதற்காக முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. எலும்புக் கணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வளரச் செய்வது அச்சிகிச்சை. முதுகு தாங்கும், ஆனால் பழையபடி வளையாது.

இனி இவர் யாருக்குப் பயன்படுவார் என்று உலகம் கேட்டிருக்கும். அப்படிக் கேட்காத ஒருவர் வேலூரில் இருந்தார். நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட் அவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து மீண்டும் இயங்கச் செய்தவர். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? மேரியின் கால்கள்தாம் செயலிழந்தன, கைகள் இழக்கவில்லையே! சக்கர நாற்காலி அறுவை அரங்கத்துக்குள் சென்றது. மருத்துவர் மேரி மீண்டும் கத்தியைக் கையில் எடுத்தார்.

இங்கே ஓர் உண்மையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தொழுநோயாளியின் கைக்கு வலி தெரியாது. ஆகவே அடுப்பில் சுட்டாலும் அவன் அறியமாட்டான். மேரியின் கால்களுக்கும் வலி தெரியாது; ஆகவே ஒரே நிலையில் நெடுநேரம் அமர்ந்தால் படுக்கைப்புண் வந்தாலும் அறிய வழியில்லை. வலியின்மை பேறன்று! ஆனால் எச்சரித்து முடித்த பின்னும் ஓயாமல் அடிக்கும் மணியாக வலி மாறிவிடுவதும் உண்டு. மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று இன்றைய மருத்துவம் தனியே வகைப்படுத்துகிறது. அது பாசாங்கன்று; மனப்பிரமையுமன்று.

மேரி அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். நோயைத் தீர்ப்பது ஒரு கலை. தீராததோடு வாழக் கற்பிப்பது மற்றொரு கலை என்பதைக் கற்றுத் திரும்பினார். 1963-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. உள்நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்றுவிக்கும் நிலையங்களில் இந்தியாவில் அது முன்னோடி. பனையிலிருந்தும் கிணற்றிலும் விழுந்து தண்டுவடம் முறிந்தவர்கள் அத்தகைய இடங்களில் கற்பவை சிறியவை: கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, கைகளை ஊன்றி உடலை அடிக்கடி உயர்த்திப் புண் வராமல் காப்பது, உட்கார்ந்தே சமைப்பது, ஒரு தொழில் பழகுவது. சிறியவை எனினும் ஒரு மனிதன் தன் ஊருக்குத் தலை நிமிர்ந்து திரும்ப அவை போதும்.

1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் மறைந்தார். அந்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவரைப் பற்றி எழுத நான் ஏன் விரும்பினேன் என்று வாசகர் கேட்கலாம். என் ஊர் கூடங்குளம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பக்கவாட்டில் வளைந்த என் முதுகெலும்பைப் பதினைந்தாம் வயதில் உலோகத் தண்டுகள் பொருத்தி நிமிர்த்தினார்கள். உயரம் கூடியது, சட்டை ஒழுங்காக நின்றது, வலி மட்டும் போகவில்லை. பேருந்து குலுங்கும்போதும், ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் நிற்கும்போதும் அது தன் இருப்பைச் சொல்லும். ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன வலி என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லத் தெரியாமல் பல நாள் சிரித்து மழுப்பியிருக்கிறேன்.

கேட்காதவர் என் தாய் ஒருவரே. மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றுபவர் அவர். ஒவ்வொரு கட்டு முடிந்ததும் சுவரில் சாய்ந்து முதுகை ஒருமுறை நீட்டிக்கொள்வார். பிறகு அடுத்த இலையை எடுப்பார். வேலையை அவர் நிறுத்தவில்லை, முதுகையும் மறக்கவில்லை. பாகாயத்தில் மேரி அம்மையார் முறையாகக் கற்பித்ததை என் தாய் தாமே கண்டுகொண்டிருக்கிறார் என்று இப்போது எண்ணுகிறேன்.

வலியை வென்றவர் என்று மேரி அம்மையாரைப் புகழ்வது எளிது. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. வென்றால்தான் மதிப்பு என்றால், வெல்ல முடியாதவர்கள் எங்கே போவது? இழந்ததை அவர் திரும்பப் பெறவில்லை. எஞ்சியதைக் கொண்டு ஒரு நாளை எப்படி அமைப்பது என்று கண்டார். கண்டதைப் பிறருக்கும் கொடுத்தார். அதுவே அவர் பெருமை.

ஆகவே தோழர்களே, வகுப்பில் ஒருவர் அடிக்கடி எழுந்து நின்றால் சிரிக்காதீர்கள். ஆசிரியப் பெருமக்களே, ஆய்வகத்து முக்காலிகளுக்கு நடுவே சாய்மானமுள்ள நாற்காலி ஒன்றையும் போட்டுவையுங்கள். உட்கார ஓர் இடம் கிடைத்தபோது ஒரு மருத்துவர் மீண்டும் பிறந்தார். நம் கல்லூரியிலும் யாரோ ஒருவர் அத்தகைய இடத்துக்காகக் காத்திருக்கலாம்.