கோல்கொண்டா தந்த கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட்

புதுவையின் பிரெஞ்சுத் தெருக்களில் மாலை வேளைகளில் உலவும் நம் வட்டத்து நண்பர்கள், மதிலுக்குப் பின்னால் மூன்று மாடியாக அமைதியுடன் நிற்கும் சாம்பல் நிறக் கட்டடத்தைக் கண்டிருப்பர். அரவிந்தர் ஆசிரமத்து அன்பர்கள் தங்கும் கோல்கொண்டா இல்லம் அது. அதை வடிவமைத்த அந்தோனின் ரேமண்டின் பெயரை நம்மூரார் அதிகம் அறியார்.

அவர் 1888 மே 10ஆம் நாள் பொகீமியாவின் கிளாட்னோ நகரில் பிறந்தார். பிராகில் பயின்று 1910இல் அமெரிக்கா சென்றார். ஓவியக் கலைஞரான நோயெமியை 1914இல் மணந்தார். புகழ்பெற்ற ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் பணியாற்றியவர், தோக்கியோவில் இம்பீரியல் ஓட்டலைக் கட்டும் பணிக்காக அவருடன் 1919இன் இறுதியில் ஜப்பான் சென்றார். அந்த ஓட்டல் 1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தைத் தாங்கி நின்று உலகப் புகழ் பெற்றது. ஆயினும், அது ஜப்பானின் தட்பவெப்பத்தோடும் மரபோடும் ஒட்டவில்லை என்ற மனக்குறை ரேமண்டுக்கு இருந்தது. ஆசானைப் பிரிந்து 1921இல் தனி அலுவலகம் தொடங்கினார். விருந்தினர் தங்கும் ஓரிடம் மண்ணோடும் காற்றோடும் எப்படி இணங்க வேண்டும் என்பதற்கான விடையை, பல ஆண்டு கழித்து அவர் நம் புதுவையில்தான் எழுதினார்.

ஜப்பானில் அவருக்கு நண்பரான பிரெஞ்சுப் பொறியாளர் பிலிப் பார்பியே சேன் இலேர், பின்னாளில் பவித்ரா என்ற பெயருடன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். அன்பர்களுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று அன்னை விரும்ப, 1935இல் அழைப்பு ரேமண்டைச் சென்றடைந்தது. ஐதராபாத் திவான் அக்பர் ஐதரியின் முயற்சியால் நிஜாமிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய் வந்தது. அந்நாட்டு வைரச் சுரங்கங்களின் பெயரே இல்லத்துக்கும் வாய்த்தது.

கட்டுமானம் 1937இல் தொடங்கியது. ரேமண்டின் உதவியாளர்களான ஜார்ஜ் நாகாஷிமாவும் செக் நாட்டு ஃபிரான்டிசெக் சாமரும் இங்கேயே தங்கி உழைத்தனர். நாகாஷிமாவுக்கு அரவிந்தர் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். 1938இல் ரேமண்டும் குடும்பத்துடன் வந்து சில மாதங்கள் வாழ்ந்தார். இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்ற கெடுவோ, இவ்வளவுதான் செலவு என்ற வரம்போ அங்கு இல்லை. எந்தக் கட்டடக் கலைஞருக்கு இப்பேறு கிட்டும்! கவிஞர்களுக்கே கிட்டுவதில்லை.

நம்மூர்க் கோடையின் புழுக்கத்தை நாம் அறிவோம். அதை அவர் எதிர்த்துப் போரிடவில்லை, வழிவிட்டார். கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்க, குறுகிய பக்கங்களே கிழக்கு மேற்கு வெயிலை ஏற்கின்றன. வடக்கே தாழ்வாரம், தெற்கே அறைகள். சன்னல்களில் கண்ணாடி இல்லை. அவற்றின் இடத்தில், கிடையாக அடுக்கிய அகலத் தகடுகள் முகப்பு முழுவதும் ஓடுகின்றன. திருப்பினால் காற்று வரும். சாய்த்தால் மழையும் வெயிலும் வெளியே நிற்கும். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் இடையே காற்றோடும் இடுக்குகளுடன் தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவுகள் உண்டு. தளத்துக்கு மேலே கான்கிரீட் வளைவோடுகள் இரண்டாம் கூரையாகக் கவிந்து, இடைவெளிக் காற்றால் வெப்பத்தைத் தடுக்கின்றன. தரையில் கடப்பைக்கல், சுவரில் கிளிஞ்சல் பொடி கலந்த வழவழப்பான சாந்து. அன்பர்கள் தந்த பழைய பாத்திரங்களும் உருக்கப்பட்டு, கதவுப் பிடிகளாகவும் கீல்களாகவும் மாறின.

கட்டடம் 1942இல் நிறைவுற்றதாகக் குறிப்பர். அப்போது ரேமண்ட் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்தார். அவர் வாழ்வின் கசப்பான பக்கம் அடுத்த ஆண்டு விரிந்தது. தீக்குண்டுகளைச் சோதிப்பதற்காக யூட்டா பாலைவனத்தில் அமெரிக்கப் படை ஜப்பானிய வீடுகளை எழுப்பியது. அவற்றை வடிவமைத்துத் தந்தவர் ரேமண்ட். பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, நேசித்து, கற்ற வீடுகளின் நுணுக்கம் அவற்றை எரிக்கப் பயன்பட்டது. போர் விரைவில் முடியும் என்று அவர் தமக்குச் சமாதானம் கூறிக்கொண்டார். எனினும் அப்பணி எளிதாயிருக்கவில்லை என்று தம் வரலாற்றில் ஒப்பினார். அதே 1943இல்தான், ஜப்பானிய வம்சத்தவர் என்பதற்காகத் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த நாகாஷிமாவை, தாமே பொறுப்பேற்று விடுவித்துத் தம் பண்ணையில் வாழவைத்தார். இவ்விரண்டையும் செய்தவை ஒரே கைகள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறாகாது.

1948இல் அவர் மீண்டும் ஜப்பான் திரும்பினார். எரிந்த தோக்கியோவில் ரீடர்ஸ் டைஜஸ்ட் கட்டடத்தையும், 1961இல் குன்மா இசை மண்டபத்தையும் எழுப்பினார். இம்பீரியல் ஓட்டல் 1968இல் இடிக்கப்பட்டபோது அவர் ஜப்பானில்தான் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1973இல் அமெரிக்கா மீண்டவர், 1976இல் தம் 88ஆம் வயதில் பென்சில்வேனியாவில் மறைந்தார்.