தேயிலைக்கு வெங்காற்றுத் தந்த டேவிட்சன்

ஆண்டு விழா மலரில் பெரியோர் ஒருவரின் வரலாற்றை வரைவது சங்கங்களின் நல்வழக்கம். பெரும்பாலும் புலவர்களும் தேசத் தலைவர்களுமே அவ்விடத்தைப் பெறுவர். இவ்வாண்டு நம் காலனிக் குடும்பங்களுக்கு வேறு வகையான ஒருவரை அறிமுகம் செய்துவைக்க விழைகின்றோம். அவர் தமிழரல்லர், இந்தியரும் அல்லர். ஆயினும் விடியற்காலையில் நம் வீட்டு அடுப்பில் ஏறும் முதற் பாத்திரத்திலேயே அவருடைய கைவேலை கலந்திருக்கின்றது. சர் சாமுவேல் கிளிலண்ட் டேவிட்சன் என்பது அவர் பெயர். தேயிலை உலகில் இப்பெயரை விட, அவர் தம் இயந்திரத்துக்கு இட்ட சிராக்கோ என்னும் பெயரே புகழ் பெற்றது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்வோர் கல்லாற்றைக் கடந்தே மலையேறுதல் வேண்டும். உருண்டைக் கற்களுக்கிடையே சலசலத்தோடும் அவ்வாற்றில் நீராடி, கட்டுச்சோறு உண்டு, பின்னர் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவது நம் குடும்பங்கள் விரும்பும் விடுமுறைப் பயணமாகும். வளைவுகள் ஏற ஏறத் தேயிலைச் செடிகள் தென்படும். பொன்முடி, மெர்ச்சிஸ்டன், அப்பால் போனக்காடு என்று இம்மலைத் தொடரில் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் கொழுந்து கிள்ளியோருள் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பட்ட மழையும் அட்டைக் கடியும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டவை. ஆனால் கிள்ளிய கொழுந்து கறுத்த தூளாக மாறுவது எவ்வாறு, அம்மாற்றத்தை இயந்திரத்தின் வசம் ஒப்படைத்தவர் யார் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே.

டேவிட்சன் 1846-ஆம் ஆண்டு நவம்பரில் அயர்லாந்தின் வடபகுதியில், பெல்பாஸ்டு நகரை அடுத்து வாழ்ந்த ஒரு குடும்பத்திற் பிறந்தார். பள்ளிப் படிப்பைப் பதினைந்தாம் வயதிலேயே முடித்துக்கொண்டு, ஒரு பொறியாளரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கல்லூரிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட நம் போன்றோர்க்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தருவதை மறைப்பானேன்!

1864-இல் அவர் தந்தையார் அஸ்ஸாமை அடுத்த கச்சார் மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பங்கை வாங்கி, பதினேழு வயது மகனை அங்கு அனுப்பிவைத்தார். சூயஸ் கால்வாய் அப்போது திறக்கப்படவில்லை. கல்கத்தாவை அடைந்த பின்னும் ஆற்று வழியே படகில் நெடுந்தூரம் செல்ல வேண்டும். கச்சாரின் தலைநகரான சில்சாருக்கு ரெயில் வந்தது அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் பிற்பட்ட செய்தி. பர்க்கோலா என்பது அத்தோட்டத்தின் பெயர். உதவி மேலாளராகச் சேர்ந்த இளைஞர் இரண்டே ஆண்டுகளில் மேலாளரானார்.

அவர் சென்ற காலம் தேயிலை உலகில் பித்தேறிய காலம். காட்டைக் காணாமலேயே காட்டின் பங்குகளை இலண்டனில் வாங்கி விற்றனர். 1866-இல் அம்மாயக்கோட்டை இடிந்தது. அதன் அடியில் நசுங்கியோர் முதலாளிகள் மட்டுமல்லர். 1863 முதல் 1866 வரை அஸ்ஸாம், கச்சார்ப் பகுதிகளுக்குக் கொண்டுவரப்பட்ட சுமார் 85,000 தொழிலாளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அம்மூன்றாண்டுக்குள் மாண்டோ, தப்பியோடியோ மறைந்தனர். ஓர் இயந்திரத்தின் வரலாற்றைச் சொல்லும்போது இக்கணக்கை விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை.

இனி அக்காலத்தில் தேயிலை பக்குவப்பட்ட விதத்தைக் காண்போம். கொழுந்தை முதலில் பரப்பி வாட்டுவர். வாடியதை மேசை மீதிட்டு உள்ளங்கையால் உருட்டிப் பிசைவர். சாறு கசிந்து காற்றுப் பட்டுப் புளித்து, இலை செம்பு நிறம் அடையும். தக்க தருணத்தில் அதைச் சூடேற்றி உலர்த்திவிடுதல் வேண்டும். சற்றுத் தாமதித்தால் மணம் போய்விடும், அவசரப்பட்டால் பச்சை வாடை நிற்கும். உலர்த்துவதற்கு இருந்த கருவி யாதெனின், தரையில் ஒரு குழி, அதில் மரக்கரி நெருப்பு, அதன் மேல் மூங்கிற் கூடையும் தட்டும். ஆட்கள் வெப்பத்தில் நின்றபடியே தட்டை எடுத்து எடுத்து இலையைக் கையாற் புரட்டிக்கொண்டிருப்பர். ஒரு துணுக்கு கனலில் விழுந்தால் எழும் புகை கூடை முழுவதையும் கெடுக்கும். ஒரு கூடையைப் போல் மறு கூடை அமையாது.

இதில் செலவாகிய மரத்துக்கும் அளவில்லை. ஒரு ராத்தல் தேயிலையை உலர்த்தும் கரிக்கு எட்டு ராத்தல் நல்ல மரம் வேண்டியிருந்ததென்றும், இயந்திரம் வந்த பின் கால் ராத்தல் நிலக்கரியே போதுமானதென்றும் தேயிலைத் தொழிலில் ஒரு கணக்குச் சொல்லப்படுவதுண்டு. தோட்டத்துக்காகக் காடு அழிந்தது ஒருபுறம், தோட்டத்தின் அடுப்புக்காக அழிந்தது மறுபுறம்.

டேவிட்சன் இதனை அலுவலக அறையிலிருந்து கேட்டறிந்தவரல்லர்; உலர்த்தும் கொட்டகையில் நின்று கண்டவர். கொழுந்தை உலர்த்துவது நெருப்பன்று, நெருப்பினாற் சூடேறிய காற்றே என்பது அவருக்குப் புலப்பட்டது. அப்படியாயின் நெருப்பை இலையின் அடியில் வைப்பானேன்? உலை தனியிடத்தில் எரியட்டும். புகை தன் வழியே புகைபோக்கியில் ஏறட்டும். உலையின் இரும்புச் சுவரைத் தடவிச் சூடேறிய தூய காற்று மட்டும் வேறு வழியாக வந்து, தட்டுகளில் பரப்பிய இலையினூடே செல்லட்டும். இதுவே அவர் கண்ட உண்மை. சொல்லும்போது எளிதாய்த் தோன்றுகிறது. கூடைக்குப் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் எளிதாய்த் தோன்றியிருந்தால் கூடை அத்தனை காலம் நீடித்திராது. எந்த நொடியில் இலை பதமாயிற்று என்பதை மட்டும் அவர் தாமே கண்டுபிடிக்கவில்லை. கரிக்குழியருகே நின்ற ஆட்களின் விரல்கள் அறிந்திருந்த பதத்தையே அவர் வெப்ப அளவாகவும் காற்றின் அளவாகவும் மாற்றினார் என்பது நம் கருத்து.

1869-இல் தந்தையார் காலமானார். வந்த செல்வத்தைக் கொண்டு பங்காளிகளின் பாகத்தை வாங்கித் தோட்டத்துக்குத் தாமே உரிமையாளரானார். அடுத்த சில ஆண்டுகள் தோட்டமே அவருக்குச் சோதனைச் சாலை. 1874-இல் நன்றாக நடந்த தோட்டத்தை விற்றுவிட்டுப் பெல்பாஸ்டுக்குத் திரும்பினார். தேயிலை பயிரிடுவதைவிடத் தேயிலைக்கு இயந்திரம் செய்வதே தம் தொழில் என்று அவர் தெளிந்துவிட்டார். 1877-இல் வெங்காற்று உலர்த்தி தனியுரிமை பெற்றது. சகாராப் பாலையிலிருந்து மத்தியதரைக் கடலைக் கடந்து வீசும் அனற்காற்றுக்குச் சிராக்கோ என்று பெயர். அப்பெயரையே அதற்குச் சூட்டினார். முதலில் வேறொரு தொழிற்சாலையில் செய்வித்து விற்றார். 1881-இல் ஏழு தொழிலாளரோடு சிராக்கோ பொறியியற் சாலையைத் தாமே தொடங்கினார்.

தனியுரிமை என்றோம். பேடெண்டு என்று வழங்கும் அவ்வுரிமையைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். புதிதாய் ஒன்றைக் கண்டவர் அதன் செய்முறையை ஒளிக்காமல் எழுதி அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அரசு அக்காலத்தில் 14 ஆண்டுக்கு அவர் ஒருவரே அதைச் செய்து விற்கலாம் என்று உரிமை வழங்கும். தவணை தீர்ந்தால் அது உலகத்தார் சொத்து. இங்கிலாந்தில் இதற்கு முதற்கண் கட்ட வேண்டிய பணம் 25 பவுனாக இருந்து, 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 4 பவுனாகக் குறைந்தது. குறைந்த மறு ஆண்டே விண்ணப்பங்கள் சுமார் 6,000-லிருந்து 17,000-க்கு ஏறின. பணக்காரர் மட்டுமன்றிப் பட்டறைக்காரரும் புதுமை காணக்கூடியவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. டேவிட்சனின் ஊராகிய பெல்பாஸ்டிலேயே டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் 1888-இல் காற்றடைத்த டயருக்குப் பேடெண்டு பெற்றார். ஆனால் அதே எண்ணத்தை 1845-லேயே தாம்சன் என்பவர் பதிவு செய்திருந்தமையால் அது செல்லாதாயிற்று. பாவம்!

நம் நாட்டில் இவ்வுரிமைச் சட்டம் 1856-இல் வந்தது. அதன்கீழ் முதன்முதல் உரிமை பெற்ற பொருள் யாது தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரம்! கல்கத்தாவில் டி பென்னிங் என்பவர் அதைப் பெற்றார். துரைமாரின் தலைக்கு மேல் தொங்கிய துணி விசிறியைக் கயிறு பிடித்து இழுத்த ஆளின் கைக்கு மாற்றுக் காண்பதே அம்முதல் விண்ணப்பத்தின் நோக்கம். பேடெண்டுப் பத்திரத்தில் இயந்திரம் செய்தவர் பெயருக்கு இடமுண்டு. கயிறு இழுத்தவர் பெயருக்கும், கூடை புரட்டியவர் பெயருக்கும் அதில் இடமில்லை.

டேவிட்சன் மட்டுமே தேயிலை இயந்திரம் கண்டவர் என்று யாரும் எண்ணிவிடலாகாது. கையால் உருட்டுவதற்கு மாற்றாக உருட்டுப் பொறியைச் செய்தவர் ஸ்காத்லாந்தினரான வில்லியம் ஜாக்சன். அவர் பொறிகளைக் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பெனியார் செய்து விற்றனர். ஜாக்சனும் உலர்த்திகள் செய்தார். இருவரும் போட்டியிட்டதால் விலை குறைந்து, இயந்திரம் நாடெங்கும் பரவியது.

இவற்றுக்கும் நம் முன்னோர்க்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தொடங்குகிறது. இலங்கையில் 1869-இல் தோன்றிய இலை நோய் காப்பிச் செடியை அழித்து, திருவிதாங்கூர் மலைகளுக்கும் பரவியது. காப்பியை இழந்த துரைமார் தேயிலைக்குத் திரும்பினர். கரிக்குழியும் கூடையுமே கருவிகளாக இருந்திருந்தால் அத்துணைப் பரந்த மலைகளில் விளையும் கொழுந்தைக் கெடாமல் உலர்த்தியிருக்க இயலாது. காலையிற் கிள்ளிய கொழுந்து காத்திருக்காது. ஆயிரக்கணக்கான ராத்தலை ஒரே தரத்தில் உலர்த்தும் வழி கிடைத்த பின்னரே, 1880-களிலும் 1890-களிலும் பீருமேடு, தேவிகுளம் மலைகளில் பெருந்தோட்டங்கள் விரிந்தன. தோட்டம் விரிந்ததால் ஆள் வேண்டியிருந்தது. கங்காணிமார் முன்பணத்தோடு நம் ஊர்களுக்கு வந்தனர். உலர்த்தும் கொட்டகையில் ஆள் குறைந்தது. மலைச் சரிவில் ஆள் பெருகியது. உலர்த்துவதற்கும் உருட்டுவதற்கும் இயந்திரம் கண்டவர்கள், இந்த மலைச் சரிவுகளில் கொழுந்து கிள்ளப் பெண்களின் விரலுக்கு ஈடானதைக் காணவில்லை. நம் பாட்டிமார் முதுகில் கூடையோடு மலையேறியது அக்காரணத்தால்தான். சிராக்கோ இன்றேல் நம்மில் பலர் இம்மலையாள நாட்டில் பிறந்திருக்கவே மாட்டோம்.

டேவிட்சனின் பிற்காலப் புகழ் விசிறியினால் வந்தது. முதல் உலர்த்தியில் வெங்காற்று தானே மேலெழுந்தது. பின்னர்க் காற்றை விரும்பிய திசையில் இழுக்க விசிறி வேண்டியிருந்தது. அக்கால விசிறிகள் சில அகலமான தகடுகளோடு, படகுத் துடுப்புகளைச் சக்கரத்தில் கட்டியதுபோல் இருந்தன. டேவிட்சன் ஒடுக்கமான தகடுகள் பலவற்றை உருளையின் விளிம்பில் நெருக்கமாக நிறுத்தி, அவற்றைச் சுழலும் திசையை நோக்கி முன்புறம் வளைத்தார். நூலறிவுக்கு மாறாகத் தோன்றிய அவ்விசிறி, சிறு உருவிலேயே பெருங்காற்றைத் தள்ளியது. 1898-இல் அதற்குப் பேடெண்டு கிடைத்தது. சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் கப்பல்களும் அதை ஏற்றன. 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் கொதிகலன் அறைகளுக்குக் காற்றுத் தந்தவையும் சிராக்கோ வகை விசிறிகளே. இன்றைய மோட்டார் காரின் குளிர்சாதனத்தைத் திறந்து பார்த்தால், அணிற்கூண்டு போன்ற அதே உருளையைக் காணலாம்.

நூற்றுக்கு மேற்பட்ட பேடெண்டுகள் அவர் பெயரில் உள்ளன. ரப்பர்ப் பால், தரைக்கரி ஆகியவற்றிலும் சோதனைகள் செய்தார். செல்வம் சேர்ந்தது; துயரமும் சேர்ந்தது. தம் தொழிற்சாலையில் துணை நின்ற மகன் ஜேம்ஸ், 1916 ஜூலை முதல் தேதி பிரான்சின் சோம் போர்க்களத்தில் மாண்டார். 1921 ஜூனில் அரசர் வட அயர்லாந்துச் சட்டசபையைத் திறந்துவைக்க வந்தபோது டேவிட்சனுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. அதை அவர் இரண்டு மாதமே அனுபவித்தார். ஆகஸ்ட் 18-ஆம் தேதி, பாங்கர் என்னும் கடற்கரை ஊரிலிருந்த தம் இல்லத்தில் 74-ஆம் வயதில் காலமானார்.

ஏழு பேரோடு தொடங்கிய அச்சாலை ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்து, கை மாறி, 1999-இல் மூடப்பட்டது. அதன் இயந்திரங்கள் அத்தனை விரைவில் ஓய்வதாயில்லை. தென்னாட்டிலும் இலங்கையிலும் உள்ள பழைய தேயிலை ஆலைகள் சிலவற்றில், கனத்த இரும்புக் கதவுகளில் சிராக்கோ என்றும் பெல்பாஸ்டு என்றும் வார்த்த எழுத்துகளை இன்றும் காணலாம். எண்ணெய்ப் பிசுக்கும் தேயிலைத் தூளும் படிந்து கறுத்திருக்கும்; விரலால் துடைத்தால் தெரியும்.