இன்ஜினீயர் ஆக ஆசைப்பட்ட வேட்டைக்காரர்



மலருக்கு யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்றார்கள். விஸ்வேஸ்வரய்யா, எடிசன், ஜேம்ஸ் வாட் எல்லாரையும் ஏற்கெனவே ஆளுக்கு ஒருத்தராகப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஜிம் கார்பெட் என்று சொன்னதும் ஒரே கேலி. புலி சுட்ட வெள்ளைக்காரர் கதை டிப்ளமோ பசங்களுக்கு எதுக்குப்பா என்று கேட்டார்கள். எதுக்குன்னா, அவரும் இன்ஜினீயர் ஆகணும்னு ஆசைப்பட்டவர். மேலே படிக்க வைக்க வீட்டில் பணம் இல்லாததால் சின்ன வயசிலேயே வேலைக்குப் போனவர். நம்மில் எத்தனை பேர் வீட்டுக் கதை இது!

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25ஆம் தேதி, இமயமலையில் குமாவோன் பகுதியில் உள்ள நைனிடாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்புவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று பெரிய குடும்பம். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் காலாதுங்கி. அங்கே வீட்டை விட்டு இறங்கினாலே காடுதான்.

அவர் கைக்கு வந்த முதல் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லியே ஆகணும். வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய இரட்டைக்குழல். வலது குழல் வெடித்துப் பிளந்து போனது. குழலும் கட்டையும் கழன்று விழாமல் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. நம்ம ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் பார்த்தால் நேராக ஸ்கிராப்பில் போடச் சொல்லுவார். ஜிம் மிச்சமிருந்த இடது குழலை வைத்தே பழகினார். மருந்தும் ரவையும் காசு கொடுத்து வாங்கணும், அதனால் கண்டபடி சுட முடியாது. கிட்டே போகணும், காத்திருக்கணும், மிருகத்தின் குரலையும் தடத்தையும் படிக்கணும்.

பத்து வயசில் நைனிடால் தொண்டர் படையில் சிறுவர் பிரிவில் சேர்ந்தார். அங்கே 0.450 மார்ட்டினி ரைபிள் ஒன்றை இரவலாகக் கொடுத்தார்கள். தோட்டா வேண்டிய மட்டும் தருவோம், ஆனால் ரைபிளைச் சுத்தமாக வைத்திருக்கணும், சுட்டு முடித்த காலிக் குப்பிகளைத் திருப்பிக் கொடுக்கணும் என்பது நிபந்தனை. நாம டோக்கன் போட்டு டூல் வாங்கிட்டுத் திருப்பி ஒப்படைக்கிறோமே, அதே கதை. மார்ட்டினியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாதான். தவறினால் மறுபடி போட்டுச் சுடுவதற்குள் மிருகம் பக்கத்துக் காட்டுக்குப் போயிருக்கும், அல்லது நம் மேல் விழுந்திருக்கும். அந்த ரைபிளில்தான் முதல் சிறுத்தையைச் சுட்டார்.

பள்ளிப்படிப்போடு படிப்பு நின்றது. பீகார் பக்கம் ரயில்வேயில் எரிபொருள் இன்ஸ்பெக்டர் வேலை, மாதம் 100 ரூபாய். இன்ஸ்பெக்டர் என்றால் நாற்காலி மேஜை என்று நினைக்காதீர்கள். அப்போது அங்கே ரயில் இன்ஜின்களுக்கு விறகு போட்டுத்தான் எரித்தார்கள். காட்டுக்குள் கூடாரம் அடித்து, ஆட்களை வைத்து, ஐந்து லட்சம் கன அடி மரத்தை 36 அங்குலத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்கணும். வேலை முடிந்து கணக்கு ஒப்படைத்தபோது கையில் மிஞ்சியதையும் சேர்த்துக் கட்டினார். அந்தக் காலத்துக் கான்ட்ராக்டில் இது நடக்காத விஷயம்.

அப்புறம் கங்கைக் கரையில் மொகாமே காட். ஆற்றுக்குத் தெற்கே அகலப்பாதை, வடக்கே மீட்டர் கேஜ். ஒரு பாதையின் வண்டி இன்னொன்றில் ஓடாது. மூட்டைகளை ஒரு வண்டியில் இருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றும் கான்ட்ராக்ட். கிரேன் கிடையாது, எல்லாம் தலைச்சுமை. கூலியாட்களோடு சேர்ந்து தானும் நிலக்கரி அள்ளினார். இப்படி 21 வருஷம். ஒரு தடவை ரயில்வே மாதக்கணக்கில் பணம் அனுப்பவில்லை. ஆட்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள், இவரும் அப்படியே. கடைசியில், பணம் வருகிறது என்று உறுதி கிடைக்காவிட்டால் இன்று நண்பகல் 12 மணிக்கு வேலை நின்றுவிடும் என்று தந்தி கொடுத்தார். பணம் வந்தது!

தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணும் இவரும் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். ஒரே குடிசைக்குள் எல்லா சாதிப் பிள்ளைகளும் உட்காரக் கூடாது என்று தகராறு. ஆனால் சுவர் இல்லாத கொட்டகை என்றால் பரவாயில்லையாம். ராம் சரண் சுவரை எடுத்துவிட்டார். கூரை மட்டும் நின்றது, பிள்ளைகள் படித்தார்கள். எந்த டிசைன் புத்தகத்திலும் எனக்கு இப்படி ஒரு தீர்வு கிடைத்ததில்லை.

இனி 1907, சம்பாவத். நேபாளத்தில் 200, குமாவோனில் 236, ஆக 436 பேரைக் கொன்ற பெண்புலி. கார்பெட்டைக் கேட்டார்கள். இரண்டு நிபந்தனை வைத்தார். பரிசுத்தொகையை ரத்து செய்யணும், மற்ற வேட்டைக்காரர்களையும் சிப்பாய்களையும் திருப்பி அழைக்கணும். காசுக்காகச் சுடுகிறவன் என்ற பெயர் வேண்டாம், அடுத்தவன் குண்டுக்குத் தவறிப்போய் பலியாகவும் வேண்டாம்.

298 பேர் மலைமேலே நின்று சத்தம் போட்டு விரட்ட, புலி பள்ளத்தாக்கில் இறங்கியது. கார்பெட் கையில் 0.500 இரட்டைக்குழல் ரைபிள். தோட்டா மூன்றே மூன்று. இரண்டு சுட, ஒன்று ஆபத்துக்கு என்று கணக்கு. மூன்றும் தீர்ந்தது, அடிபட்ட புலி விழவில்லை. ஓடிப்போய் தாசில்தார் கையில் இருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டு புலியிடம் வந்தார். சுமார் இருபது அடியில் நின்று தூக்கிப் பார்த்தால், குழலுக்கும் பின்பக்க அடைப்புக் கட்டைக்கும் நடுவே 3/8 அங்குல இடைவெளி! மெக்கானிக்கல் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெடிக்கிற வாயு முழுக்க அந்த சந்து வழியாக முகத்துக்கு வரலாம். இருந்தும் சுட்டார். வாய்க்கு வைத்த குறி காலில் பட்டது. நல்லவேளை, முன்னால் பட்ட குண்டுகளே போதுமாக இருந்தன.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்க மேல்கோரைப்பல் பாதி இல்லை, கீழ்ப்பல் எலும்பு வரை இல்லை. எப்போதோ யாரோ சுட்ட குண்டு. மானையும் பன்றியையும் பிடித்துக் கொல்ல முடியாமல்தான் அது மனிதன் பக்கம் திரும்பியது. சுட்டவன் காயப்பட்ட மிருகத்தைத் தேடிப்போய் வேலையை முடிக்கவில்லை. 436 பேர் சாவில் அந்த முகம் தெரியாத ஆளுக்குப் பங்கு உண்டா இல்லையா? உண்டு என்றுதான் நான் சொல்லுவேன். பிறகு சுட்ட ஆட்கொல்லிகள் பலவற்றிலும் இதே மாதிரி பழைய குண்டுக் காயமோ, முள்ளம்பன்றி முள்ளோ இருப்பதைக் கண்டு எழுதி வைத்தார்.

இதற்குப் பரிசாக மாகாண கவர்னர் சர் ஜான் ஹியூவெட் தந்தது 0.275 ரிக்பி ரைபிள். நம்ம கணக்கில் 7 மில்லிமீட்டர். கனமில்லாதது. 125 பேரைக் கொன்ற ருத்ரப்ரயாக் சிறுத்தையை 1926இல் முடித்தது இதுதான். 1938 வரை ஆட்கொல்லி வேட்டை தொடர்ந்தது.

எனக்கு ரைபிளை விடப் பிடித்தது அவர் கட்டிய சுவர். காலாதுங்கி பக்கத்தில் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை வாங்கிக் குடியானவர்களை வைத்திருந்தார். காட்டுப்பன்றியும் மானும் ராத்திரியில் வந்து பயிரை அழித்துவிடும். பன்றி தின்பதை விட மூக்கால் கிளறிப் போட்டு நாசம் பண்ணுவதுதான் அதிகம், கடலைக்காடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். ராத்திரி இருட்டில் பரண்மேல் உட்கார்ந்து, சலசலக்கிற இடத்தைப் பார்த்துச் சுட்டால் பன்றிதான் சாகும் என்று நிச்சயமா? அடிபட்டுத் தப்புவது சிறுத்தையாகவும் இருக்கலாம். நாட்டிலேயே கெட்டிக்காரச் சுடுகாரர் என்று பெயர் எடுத்தவர், பன்றியைத் தடுக்க நம்பியது கல்லை. ஊரைச் சுற்றி ஆறடி உயர மதில். கையில் பணம் குறைவு, கட்டி முடிக்கப் பத்து வருஷம் ஆனது.

முதல் உலகப்போரில் 1917இல் 500 குமாவோன் ஆட்களைப் பிரான்சுக்கு அழைத்துப் போனார். இரண்டாவது போரில் சிப்பாய்களுக்குக் காட்டில் பிழைக்கும் வித்தை கற்றுக்கொடுத்தார். நடுவே சினிமா கேமரா வாங்கிப் புலிகளைப் படம் பிடித்தார். ரைபிளில் நூறு கஜம் போதும், கேமராவுக்கு இன்னும் கிட்டே போகணும், சத்தம் கேட்டாலே புலி போய்விடும். முழுசாக மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. வைஸ்ராய்களுக்குப் புலிவேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தவரும் இவர்தான். அதையும் மறைக்காமல் எழுதணும்.

1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, ஹெய்லி பூங்கா என்ற பெயரில் அமைந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1944இல் ஆட்கொல்லிகள் பற்றிய முதல் புத்தகம் பெரிய பேர் வாங்கியது. 1947 நவம்பரில் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போய் நியெரியில் குடியேறினார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1955 ஏப்ரல் 19ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். பூங்காவுக்கு 1957இல் அவர் பெயர் வைத்தார்கள். 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது.

ரிக்பி ரைபிள், செய்த கம்பெனியிடமே லண்டனுக்குத் திரும்பிப் போய்விட்டது. சோட்டி ஹல்த்வானி நிலம் குடியானவர்களுக்கே போனது. கென்யாவில் இருந்துகொண்டும் அவர்கள் நிலவரியை அவரே கட்டி வந்தார்.