200 ஆண்டு கடந்தும் மிதக்கும் பம்பாய் கப்பல்: யார் இந்த ஜாம்ஷெட்ஜி வாடியா?

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மூன்று பாய்மரங்களோடு ஒரு போர்க்கப்பல் நிற்கிறது. பெயர் 'டிரிங்கோமலி'. ஆமாம், நம்ம திருகோணமலை பெயர்தான். இதைவிடப் பழைய 'விக்டரி' கப்பல் தரையேறிவிட்டது. தண்ணீரில் மிதக்கும் பிரிட்டன் போர்க்கப்பல்களில் இதுதான் மிகப் பழையது. ஆனா, கட்டப்பட்டது பம்பாயில். கட்டியவர் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா.

யார் இவர்?

பார்சி கப்பல் தச்சர் குடும்பம். தாத்தா லவ்ஜி நுசர்வான்ஜியை 1736-ல் சூரத்தில் இருந்து பம்பாய்க்கு அழைத்து வந்தது கிழக்கிந்திய கம்பெனி. பின்னாளில் பாம்பே டையிங் நிறுவனத்தைத் தொடங்கியதும் இதே குடும்பம்தான்.

ஏன் பம்பாய்?

நெப்போலியன் போர்க் காலம். பிரிட்டனில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. பம்பாயிலோ மலபார் தேக்கு இருந்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் உளுக்காது. ஓக் மாதிரி இரும்பு ஆணிகளை அரிக்கவும் செய்யாது.

1810-ல் 74 பீரங்கிகள் கொண்ட 'மிண்டன்' கப்பலைக் கட்டினார் ஜாம்ஷெட்ஜி. 1813-ல் 'கார்ன்வாலிஸ்'. ஹாங்காங்கை பிரிட்டனுக்குத் தந்த 1842 நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது இந்த கார்ன்வாலிஸில்தான்.

டிரிங்கோமலி பிறந்த கதை

முதலில் அனுப்பப்பட்ட வரைபடம் பம்பாய் வந்து சேரவே இல்லை. அதை ஏற்றி வந்த 'ஜாவா' கப்பலை 1812-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் வீழ்த்திவிட்டது. மறுபடி வரைபடம் வந்து, 1816-ல்தான் வேலை தொடங்கியது. பார்சி வழக்கப்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி அடித்தார் ஜாம்ஷெட்ஜி. 1817 அக்டோபர் 12-ல் கப்பல் கடலில் இறங்கியது.

ஆனா, அதற்குள் போரே முடிந்துவிட்டது. 1819-ல் இங்கிலாந்து போன கப்பலை 20 ஆண்டுகளுக்கு மேல் சும்மா நிறுத்தி வைத்தார்கள். 1821-ல் ஜாம்ஷெட்ஜி இறந்தார். தன் கப்பல் கடற்படைப் பணிக்குப் போனதை அவர் பார்க்கவே இல்லை.

எப்படித் தப்பியது?

1897-ல் உடைக்க விற்கப்பட்டது. வீட்லி காப் என்பவர் வாங்கி, 'ஃபூட்ராயன்ட்' எனப் பெயர் மாற்றி, இளைஞர்களுக்கான பயிற்சிக் கப்பலாக்கினார். 1986 வரை அந்த வேலை நடந்தது. 1987-ல் ஹார்ட்டில்பூல் வந்தது. 1990-ல் தொடங்கிய சீரமைப்பு 2001-ல் முடிந்தது. பழைய பெயரும் திரும்பக் கிடைத்தது.

சீரமைத்தவர்களுக்கு வேலையை எளிதாக்கியது, கப்பல் உடம்பில் பெரும்பகுதி இன்னும் உறுதியாக இருந்ததுதான். அது ஜாம்ஷெட்ஜி காலத்துத் தேக்கு. இன்றைக்கு அந்தக் கப்பலில் ஏறுகிறவர்கள் மிதிப்பது வெறும் பிரிட்டன் வரலாற்றை மட்டும் இல்லை, பம்பாய் தச்சர்களின் கைவேலையையும்தான்.