சொற்களின் உறவு கண்ட கால்டுவெல்

பீர்க்கன்கரணையில் ஒரு சிறுவன் மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டுகிறான். அதை வில் என்கிறான். ஆந்திரத்துச் சிறுவன் அதையே வில்லு என்கிறான். மைசூர்ப் பக்கத்துச் சிறுவன் பில்லு என்கிறான்.

இந்த ஒற்றுமை எப்படி வந்தது? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடியவர் கால்டுவெல்.

அவர் 1814-ம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ சர்வகலாசாலையில் படித்தார். அங்கே கிரேக்கப் பேராசிரியர் ஒருவர், மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை அவருக்கு ஊட்டினார். 1838-ல் பாதிரியாராகச் சென்னைக்கு வந்து தமிழ் கற்றார்.

மூன்று ஆண்டுகள் சென்றன. நெல்லைச் சீமைக்குப் புறப்பட்டார். அப்போது ரெயில் ஏது? நீலகிரியைச் சுற்றிக்கொண்டு, பெரும்பாலும் நடந்தே போனார். இடையன்குடியில் தங்கினார். பனைமரமும் செம்மணலும் நிறைந்த சிற்றூர் அது.

அந்தக் காலத்தில் அறிஞர் பலர், தென்னாட்டு மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்றே நினைத்தனர். சென்னைக் கலெக்டர் எல்லிஸ் 1816-லேயே அதை மறுத்து எழுதினார். ஆனால் 1819-ல் அவர் இறந்துவிட்டார். விரிவான சான்றுகளோடு 1856-ல் ஒப்பிலக்கண நூலை வெளியிட்டவர் கால்டுவெல்தான். 1875-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 12 மொழிகளை ஒரே குடும்பமாகக் காட்டினார்.

வில்லின் குடும்பம்

அந்த வழியில் போனால் வில்லின் உறவினர் எல்லோரும் அகப்படுவார்கள். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொல், கன்னடத்தில் பகரமாக மாறும். வா என்பது பா. வேர் என்பது பேரு. வெள்ளி என்பது பெள்ளி. வில் என்பது பில்லு. சமஸ்கிருதத்தில் வில்லுக்குத் தனுஸ் என்று பெயர். இரண்டுக்கும் ஒட்டே இல்லை.

வானத்தைப் பார்த்தாலும் இந்தக் கதைதான். நமக்கு வானவில். மலையாளிக்கு மழவில்லு. தெலுங்கருக்கு ஹரிவில்லு. கன்னடத்தில் காமனபில்லு.

போர் போனாலும் சொல் போகவில்லை. குலுங்காமல் ஓடும் மாட்டுவண்டி வில்வண்டி ஆயிற்று. நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடைகளில் நாண் அதிர வில்லுப்பாட்டு நடக்கிறது.

கால்டுவெல் சொன்னது அத்தனையும் நிற்கவில்லை. மத்திய ஆசியாவின் சிதிய மொழிகளோடு தமிழுக்கு உறவு உண்டு என்றார். அதைப் பெரும்பாலான அறிஞர்கள் இன்று ஏற்பதில்லை. தென்மொழிகளைப் பற்றிய அடிப்படை மட்டும் அசையவில்லை. 1961-ல் பர்ரோவும் எமனோவும் அதன்மேல்தான் திராவிடச் சொற்பிறப்பு அகராதியைக் கட்டினார்கள்.

1891-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி கொடைக்கானலில் கால்டுவெல் காலமானார். இடையன்குடியில் 33 ஆண்டுகள் பாடுபட்டு அவர் கட்டிய கோயிலிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.