எல்ஸி இங்கிலிஸ் அம்மையார்

பிள்ளைப்பேறு மாதர்க்கு மறுபிறப்பு என்பது நம்மவர் வழக்கு. அப்பேற்றினை ஏழை மகளிர்க்கும் இடுக்கணின்றி முடித்துக் கொடுத்தலைத் தம் அறமாகக் கொண்டவர் எல்ஸி இங்கிலிஸ் அம்மையார். அவர்தம் வரலாற்றை நம் குடும்பத்தார் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருங்க உரைக்கின்றோம்.

அம்மையார் 1864-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் இமயச் சாரலிலுள்ள நைனிதாலிற் பிறந்தார். தந்தையார் இந்தியாவில் உயர்பதவி வகித்தவர். அவர் ஓய்வுபெற்றபின் குடும்பம் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிற் குடியேறியது. மகளார் மருத்துவம் பயில விழைந்தபொழுது தந்தையார் தடுத்திலர். சோபியா ஜெக்ஸ்-பிளேக் அம்மையார் நடத்திய பள்ளியிற் பிணக்கு நேர்ந்தபோது, மகளிர்க்கென வேறொரு மருத்துவக் கல்லூரி 1889-ல் தோன்றுதற்கும் துணைநின்றார். 1892-ல் எல்ஸி மருத்துவராகத் தேறினார்.

பின்னர் இலண்டனிலும், டப்ளின் நகரத்து ரொட்டண்டா பிரசவ வைத்தியசாலையிலும் பழகி, 1894-ல் எடின்பரோ மீண்டார். 1904-ல் அந்நகரின் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஹை ஸ்ட்ரீட்டில் அவருடைய பிரசவ விடுதி அமைந்தது. அங்கு நோய்தீர்ப்போரும் மகளிரே. வறியோரிடம் அவர் ஊதியம் பெறாமையும் உண்டு.

1914-ல் பெரும்போர் மூண்டது. மகளிர் மருத்துவக் குழுவொன்றுடன் தொண்டு செய்ய அம்மையார் முன்வந்தார். போர்த்துறையார், வீட்டிற்குச் சென்று வாளாவிருக்குமாறு கூறிப் புறக்கணித்தனர். அவர் சோர்ந்திலர். பொருள் திரட்டி ஸ்காட்லாந்து மகளிர் வைத்தியசாலைகளை நிறுவினார். பிரான்சும் செர்பியாவும் அவற்றை உவந்து ஏற்றன. 1915-ல் தாமே செர்பியா சென்று, கொள்ளைக்காய்ச்சல் வாட்டிய நாட்டிற் பணிபுரிந்தார். அவ்வாண்டின் இறுதியிற் பகைவர் கையகப்பட்டும் நோயாளரைக் கைவிட்டிலர். 1916 பிப்ரவரியில் விடுதலையுற்று, அவ்வாண்டே ருஷியாவுக்குப் புறப்பட்டார். ஆங்குப் புற்றுநோய் அவரைப் பற்றியது. செர்பியப் படையினர் பாதுகாப்பாகப் புறப்படும்வரை தாம் நீங்க உடன்பட்டிலர். 1917 நவம்பர் 25-ல் நியூகாஸில் துறையிற் கரையேறி, மறுநாளே உயிர்நீத்தார்.

போர்த்தொண்டிற்குத் திரண்ட பொருளில் எஞ்சியது வீண்போகவில்லை. அதுகொண்டு எடின்பரோவில் அவர் பெயரால் பிரசவ வைத்தியசாலையொன்று எழுந்து, 1925-ல் திறக்கப்பட்டது. புண்பட்ட வீரரைக் காத்த பொருள், அமைதிக்காலத்திற் பச்சிளங் குழவிகளைக் காத்தது. 1988-ல் மூடப்படுமளவும் அந்நகரத்தார் பல்லாயிரவர் அதனகத்தே பிறந்தனர்.

பெண்ணுக்குக் கல்வி எற்றுக்கு என வினவுவார் நம்மிடையே இன்றும் சிலர் உளர். அன்று அத்தந்தையாரும் அவ்வாறே வினவியிருப்பின், இத்துணைத் தாய்மாரும் சேய்களும் என்னாகியிருப்பர்? நம் இல்லத்துச் சிறுமி ஒருத்தி புத்தகத்தைக் கையிலெடுக்கும்பொழுது, அதனைப் பறியாதிருப்போமாக, விளக்கைத் தூண்டிவிடுவோமாக.